உண்டியலாகிப் போன கேமராப் பெட்டி

முதல் கேமரா மூன்றே நாளில் போனது. ஏரிக்கரைக் கருவேல மரத்தில் கயிற்றால் கட்டியிருந்தேன். கயிற்றைக்கூட விட்டு வைக்கவில்லை, படுபாவி.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நான் ஊருக்குள் சாரம் என்கிற பகுதியில் குடியிருந்தேன். அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஞாயிறு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு மேற்கே உள்ள ஏரிக்குப் பறவை பார்க்கப் போவேன். அங்கே கோரைக்குள் ஒரு காட்டுப்பூனை இரண்டு குட்டிகளோடு இருந்தது. என் கண்ணால் இரண்டு முறை பார்த்தேன். மாசி பிறந்தால் கோரையை ஏலம் எடுத்தவர்கள் வெட்ட வருவார்கள். கூடவே வலையும் நாயுமாக நாலு பேர் வருவார்கள். உள்ளேயிருந்து எது ஓடி வந்தாலும் அவர்கள் சட்டிக்குத்தான். அந்த ஒரு மூலையை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள் என்று கோரையை ஏலம் விடுகிற அதிகாரி முன் போய் நின்றேன்.

"வாயால சொன்னா ஃபைல்ல ஏறாது சார். போட்டோ இருந்தா கொண்டாங்க, நிறுத்திடலாம்" என்றார்.

என் மச்சினன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டவன். "அங்க வேட்டைக்காட்டுல மரத்துல கட்டி வெப்பாங்க மாமா. மிருகம் குறுக்க வந்தா அதுவே படம் புடிச்சிக்கும்" என்று சொல்லி, ஊருக்கு வந்திருந்தபோது ஃபிலிம் போடுகிற கேமரா இரண்டு கொண்டுவந்து கொடுத்தான். அதில் ஒன்றுதான் இப்படிப் போனது. காவல் நிலையத்துக்குப் போனேன். "ஏரியில கேமராவ வெச்சிட்டு வந்தா எவன் சார் சும்மா உடுவான்?" என்று சிரித்தார்கள். எழுதிக்கொள்ளக்கூட இல்லை. மறுபடி அங்கே போய்விட்ட மச்சினனிடம் அந்த ஆத்திரத்தையெல்லாம் போனில் கொட்டினேன்.

"இங்கயும் திருடுறானுங்க மாமா. பொதுக் காடுன்னா அப்டிதான். இரும்புல பொட்டி செஞ்சி உள்ள வெச்சிப் பூட்டுங்க" என்றான்.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொன்னேன். பட்டறைக்காரர் கோயில்களுக்கு உண்டியல் செய்து பழகியவர். நான் வரைந்து கொடுத்த காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, கைப்பழக்கத்தில் உண்டியலையே செய்து முடித்திருந்தார். தடித்த தகடு, வளைந்த மூடி, பக்கத்தில் பெரிய பூட்டு. லென்சுக்கு ஒரு வட்ட ஓட்டை, சென்சாருக்கு அதன் கீழே ஒரு நீள ஓட்டை. என்னய்யா இது என்று கேட்டதற்கு, "பூட்டு ஒடையாது சார், நான் கேரண்டி" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துப் போய், மிச்சமிருந்த கேமராவை உள்ளே வைத்து, கோரையைப் பார்த்தபடி நின்ற வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டினேன்.

அடுத்த வாரம் போனால் பெட்டிக்கு மஞ்சள், குங்குமம். திறந்தால் உள்ளே எட்டணாவும் ஒரு ரூபாயுமாகக் காசு. புல் அறுக்க வந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது எந்தக் கோயிலு உண்டியலு சார்?"

கேமரா என்று சொன்னால் பொழுது சாய்வதற்குள் சுற்று வட்டாரமே அறிந்துவிடும். "அம்மன் கோயிலுது" என்று வாய் கூசாமல் சொன்னேன். சாமி சொத்தில் எவன் கை வைப்பான் என்று உள்ளுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம். நம் ஊரில் முதலில் உடைபடுவதே உண்டியல்தான் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு கேமராவில் முப்பத்தொன்று என்று எண் காட்டியது. பெட்டிக்கு நேர் எதிரே ஈர மண்ணில் பூனைத் தடம், பெரியதும் சின்னதுமாக. படம் விழுந்திருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்போதே சுருளைக் கழற்றி ஸ்டூடியோவில் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் இன்னும் ஐந்து படம் பாக்கி இருந்தது. எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் போட்ட சுருள் பொங்கலுக்குத்தான் முடியும், முடியாமல் யாரும் கழுவக் கொடுக்க மாட்டோம். ஐந்து படத்தை வீணாக்குவானேன் என்று மறுபடி பூட்டிவிட்டு வந்தேன்.

மறு வாரம் பெட்டி வாய் பிளந்து கிடந்தது. பூட்டு உடையவில்லை, பட்டறைக்காரர் சொன்னது சரிதான். கடப்பாரையால் மூடியைப் பெயர்த்திருந்தார்கள். காசு இல்லை. கேமரா புல்லில் கிடந்தது. அதற்குள்ளும் காசு விழுந்திருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, முதுகைத் திறந்து ஃபிலிமை உருவி வெயிலில் போட்டிருந்தான். அந்த மடையனுக்குக் கேமரா வேண்டாம். எனக்கு வேண்டியதை மட்டும் அழித்துவிட்டுப் போயிருந்தான்.

மனசு கேட்காமல் ஸ்டூடியோவுக்குக் கொண்டு போனேன். "எல்லாம் வெளிச்சம் பூந்துடுச்சி சார். அடியில சுத்திக்கினு இருந்த மொதப் படம் மட்டும் தப்பிச்சிருக்குது" என்று ஒரே ஒரு பிரிண்ட் கொடுத்தார். ஓரமெல்லாம் வெளுத்த படம். பெட்டியைப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திருப்தியாகச் சிரித்தபடி நிற்கிறேன் நான்.

அதிகாரியிடம் கொடுக்க என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். மறுபடி ஃபிலிம் போட்டுக் கட்ட நாள் இல்லை. மாசி பிறந்ததும் கோரையை வெட்டினார்கள், அந்த மூலையையும் சேர்த்து. அந்தப் படத்தை அவரிடம் கொடுக்கவும் இல்லை, கிழித்துப் போடவும் இல்லை. எப்போது எடுத்துப் பார்த்தாலும், சிரிக்கிற அந்த மூஞ்சியில் ஓங்கி ஒன்று வைக்கத்தான் கை பரபரக்கிறது.