மாமி திருப்பி வைத்த செருப்பு

மகனை ராணுவப் பயிற்சிக்கு ரயிலேற்றிவிட்டு வந்து, வாசலில் கிடந்த அவன் செருப்பை வீட்டுக்குள் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்தேன். வைத்த பிறகுதான் எதிர்வீட்டு மரிய மாமி நினைவுக்கு வந்தார்.

தூத்துக்குடியில் என் சிறுவயதுத் தெருவில் எங்களுக்கு எதிர்வீடு அவருடையது. மாமியின் மகன் அந்தோணி அண்ணன் லீவு முடிந்து பட்டாளத்துக்குக் கிளம்பியதும் மாமியும் இப்படித்தான் வைப்பார்.

"உள்ள பாத்து இருந்தாத்தான் வீட்டுக்கு வருவான்ளா."

பனிமலையிலிருந்து அண்ணன் பெட்டியில் வந்தார். அடக்கம் முடிந்தும் மாமி செருப்பை எடுக்கவில்லை. ஒரு சித்திரை நடுப்பகலில் அது மட்டும் நனைந்திருந்தது. தொட்டேன். ஐஸில் போட்ட மீனைப்போல் சில்லிட்டிருந்தது.

"தொடாத ஏளா," என்றார் மாமி, உள்ளே தட்டில் சோறு வைத்துக்கொண்டே. "இப்பத்தான் வந்தான்."

என் மகன் இன்னும் மதுரையைத் தாண்டியிருக்க மாட்டான். குனிந்து அவன் செருப்பைத் தொட்டேன். காய்ந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.