காதால் படித்த பட்டியல்

அம்பகரத்தூர் நவநீதனுக்குக் கண் பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருந்த காலத்திலேயே, பொழுது சாய்ந்தால் பஸ் எண் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பான். பிறகு கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். ஒரு திரை முழுக்க ஒரே ஒரு சொல் என்கிற நிலைமை வந்தபோது, இனி இழுத்துப் பிடிப்பதில் அர்த்தமில்லை என்று வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டான். விழித்திரைக் கோளாறு, மருந்து கிடையாது என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். மனைவி கீர்த்திகாவுக்குக் காரைக்காலில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

கீர்த்திகா பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் ரேடியோதான் துணை. கிரிக்கெட், விவசாயச் செய்தி, பழைய பாட்டு என்று எது வந்தாலும் கேட்டுக்கொண்டு கிடந்தான். ஒருநாள் கல்லூரியில் கூடப் படித்த ஆன்டோ மாடிப்படி ஏறி வந்தான்.

"சும்மா ரேடியோ கேட்டது போதும்டா. கம்ப்யூட்டரும்தான் பேசுது. அதைக் கேக்க ஆபீசுக்கு வா" என்றான்.

ஆன்டோவின் ஆபீஸ் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. வானிலை எச்சரிக்கை வந்ததும் அதைப் பேச்சாக மாற்றி, மீனவர்களின் போனுக்கு அழைப்பாக அனுப்பும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தார்கள். பட்டினச்சேரியில் படகு வைத்திருக்கும் முருகானந்தம் அதற்குக் குரல் கொடுத்திருந்தார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்கள், ஊர்களின் பெயர்கள், நேரங்கள், எச்சரிக்கைகள் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்திருந்தார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு கோப்பு. நிலவரத்துக்கு ஏற்றபடி மென்பொருள் அவற்றைக் கோத்துக்கொள்ளும்.

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் குரலை நவநீதன் முதலில் வெறுத்தான். உயிரில்லாமல், மூச்சு விடாமல் படித்துக்கொண்டே போயிற்று. ஆனாலும் சில வாரங்களில் காது பழகிவிட்டது. அப்புறம் ஒருநாள், வேலையைத் தொடங்குமுன் புரோகிராம், அதாவது நிரல், எழுதுகிற எவரும் கேட்கிற கேள்வியைக் கணினியிடம் கேட்டான்.

நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புகளை ஒரு பெட்டகத்தில் ஒப்படைத்து வைப்பார்கள். 'கிட்' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கோப்பும் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு நிலையையும் அது மறக்காமல் வைத்திருக்கும். 'இப்போது என்ன நிலவரம்?' என்று கேட்டால், கடைசியாக ஒப்படைத்ததையும் கையில் இருப்பதையும் ஒப்பிட்டு, மாறியது எது, புதிதாகச் சேர்ந்தது எது, காணாமல் போனது எது என்று பட்டியல் போட்டுவிடும். கண் இருந்தபோது நவநீதன் அந்தப் பட்டியலைப் படித்ததே இல்லை. பச்சையும் சிவப்புமாக வரும். நிறத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்துவிடுவான். இப்போது நிறம் கிடையாது. சுருக்கமாகச் சொல் என்று கட்டளையை மாற்றிப் போட்டான்.

"எம்" என்று தொடங்கி ஒரு கோப்பின் பெயரைச் சொன்னது குரல். அது மாறியிருக்கிறது. "ஏ" என்று இன்னொரு பெயர். அது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. "கேள்விக்குறி, கேள்விக்குறி" என்று ஒரு பெயர். அதைப் பெட்டகத்துக்குத் தெரியாது, யாரும் ஒப்படைக்கவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடக்கும் அந்தப் பெரிய வேலையின் நிலவரம் முழுவதும் ஒரு மூச்சில் அவன் காதுக்குள் வந்து இறங்கிவிட்டது. விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். மறுபடி கேட்டான். அதே பதிலைச் சொன்னது.

"என்னண்ணே, ஏதாவது தப்பா?" என்றாள் எதிர் மேசையில் இருந்த சில்வியா. அவளும் அங்கே நிரல் எழுதுகிறவள்தான்.

"ஒண்ணுமில்லம்மா. எல்லாம் தெரியுது" என்றான். அந்தச் சொல்லை அவன் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

ஐப்பசி மாதம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவான அன்றுதான் அது நடந்தது. குரல் கோப்புகளுக்கு அதுவரை வெறும் எண்களே பெயராக இருந்தன. எந்த எண் எந்தச் சொல் என்று யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. சில்வியா பொறுமையாக ஒவ்வொன்றையும் கேட்டு, சொல்லையே பெயராக வைத்து, புதிய ஃபோல்டருக்கு மாற்றி, நிரலிலும் திருத்தியிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்காரும்போது எச்சரிக்கை வந்துவிட்டது: காற்று பலக்கிறது, கடலுக்குப் போக வேண்டாம்.

அனுப்புமுன் சோதித்துப் பார்த்தாள். முருகானந்தத்தின் குரல் காற்றின் பெயரையும் வேகத்தையும் சொல்லிவிட்டு, பாதியில் நின்றுபோயிற்று. மறுபடி போட்டாள். அதே இடத்தில் நின்றது. பெட்டகத்திடம் நிலவரம் கேட்டாள். திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு வரியின் முன்னாலும் காணவில்லை என்று அர்த்தம் தரும் 'டி'.

"அண்ணே, எல்லாக் குரலும் போச்சுண்ணே!" என்று கத்தினாள் சில்வியா. மறுபடி பேசிப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்க ஆன்டோ முருகானந்தத்துக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

நவநீதன் சில்வியாவின் கணினியில் இருந்த கோப்புகளைத் தன் கணினி வழியாகத் திறந்து நிலவரம் கேட்டான். "டி... டி... டி..." என்று குரல் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தாமல் கடைசி வரைக்கும் கேட்டான். எல்லாம் முடிந்த பிறகு இரட்டைக் கேள்விக்குறியோடு ஒரே ஒரு பெயர் வந்தது: சில்வியாவின் புதிய ஃபோல்டர்.

"போகலம்மா. பழைய இடத்துல இல்லன்னு சொல்லுது. புது இடத்தை அதுக்கு இன்னும் யாரும் காட்டல. காட்டிட்டு மறுபடி கேப்போம்" என்றான்.

புதிய ஃபோல்டரையும் கணக்கில் எடுத்துக்கொள் என்று கட்டளை கொடுத்துவிட்டு, நிலவரத்தை மறுபடி கேட்டான்.

"ஆர்" என்றது குரல். ஒரு பழைய எண், அம்பு போல ஒரு குறி, அதற்கு நேரே 'வாடை'. மறுபடி "ஆர்". வேறொரு எண், அதற்கு நேரே 'கொண்டல்'. பெயர் மாறிய கோப்பு, ஆனால் அதே கோப்பு என்று ஒவ்வொன்றாக இணை சேர்த்துச் சொல்லிக்கொண்டே போயிற்று.

சில்வியா அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "நான் எந்த இடத்துலயும் இது இன்னதுன்னு எழுதி வைக்கலையேண்ணே. இதுக்கு எப்படித் தெரியும்?"

"பேரைப் பாத்துக் கண்டுபிடிக்கல. உள்ள இருக்கறதைப் பாத்துக் கண்டுபிடிக்குது."

அவளுக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது. நவநீதனுக்கும் அப்படித்தான். பல வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன், இது இப்படித்தான் வேலை செய்யும் என்று படித்தவன். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தன் பழைய எண்ணிலிருந்து புதிய பெயருக்கு நடந்து போவதைக் காதால் கேட்பது வேறாக இருந்தது.

நீண்ட "ஆர்" வரிசைக்கு நடுவே திடீரென்று ஒரு "டி". இணை இல்லாத ஒற்றை எண்.

"இது மட்டும் நிஜமாவே அழிஞ்சிருக்கு" என்றான்.

சில்வியா யோசித்தாள். "ஒரே மாதிரி ரெண்டு இருக்குன்னு நெனச்சு ஒண்ண அழிச்சேண்ணே. முழுசாக் கேக்காம விட்டுட்டேன்."

நவநீதன் பெட்டகத்திலிருந்து அந்த ஒன்றை மட்டும் திரும்ப எடுத்து ஓட்டினான். மருந்துக் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி முருகானந்தத்தின் குரல் வந்தது: "கடலுக்குப் போவாதீங்க!"

அப்புறம் சில்வியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்கு ஒரு பெயர் வைத்தாள். சோதனை முழுதாக ஓடியது. ஆன்டோ அழைப்பை அனுப்பினான். பட்டினச்சேரியிலும் சுற்றுப்பட்டுக் குப்பங்களிலும் போன்கள் அடிக்கத் தொடங்கின.

மறுநாள் காற்றும் மழையுமாக இருந்தது. முருகானந்தம் நனைந்துகொண்டே ஆபீசுக்கு வந்தார். "நேத்து கடலுக்குப் போறதுக்காக வலையெல்லாம் படகுல ஏத்திக்கிட்டிருந்தேங்க. அதான் நீங்க கூப்பிட்டதை எடுக்கல. அப்புறம் இன்னொரு போன் வந்துச்சு, எடுத்தா என் குரலே என்னைப் போவாதேங்குது! திட்டுறதா சிரிக்கிறதான்னு தெரியல. ஏத்துன வலையெல்லாம் எறக்கி வச்சிட்டேன்."

சிரித்தார்கள். அவர் போன பிறகு நவநீதன் வேலையைத் தொடங்க உட்கார்ந்தான். முந்தின நாள் மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒப்படைத்தாகிவிட்டது. நிலவரத்தைக் கேட்டான். குரல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் அந்தச் சுருக்கக் கட்டளை பேசாது. ஒரு கோப்பும் மாறவில்லை, ஒன்றும் காணாமல் போகவில்லை. வெளியே ஜன்னல் கண்ணாடியில் மழை அறைந்துகொண்டிருந்தது. அந்த அமைதியை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. மறுபடி விசையைத் தட்டினான்.