பத்தொன்பதாவது பிரிவும் பல்லடம் ரோடு செக்போஸ்டும்

வக்கீலிடம் ஓசியில் சட்டம் கேட்க நம் ஜனங்களுக்கு ஒரு கல்யாண வீடோ எழவு வீடோ போதும். லாக்டவுனில் இரண்டுக்கும் கூட்டம் சேர விடவில்லை, அதனால் எல்லோரும் போன் போட்டார்கள்.

எங்கள் பனியன் ஊர் ராயபுரத்தில் எனக்கு ஆபீஸ். பாகப்பிரிவினை, வழித்தகராறு, இவைதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. காலேஜை விட்டபின் அரசியல் சட்டப் புத்தகத்தைத் திறந்ததில்லை. கோர்ட்டைப் பூட்டியதும் ஊருக்கே அதில் சந்தேகம் வந்துவிட்டது. சக வக்கீல்களே, உங்களுக்கும் இதே கதிதான் என்று தெரியும். கொஞ்சம் சேர்ந்து புலம்புவோம்.

கோழியோடு போனவர்

சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவர் அவர். பக்கத்து ஊரில் பிரசவமான மகளுக்குச் சாறு வைக்க நாட்டுக்கோழி ஒன்றைப் பையில் போட்டு வண்டியில் கிளம்பியிருக்கிறார். வழியில் மறித்த போலீஸ், வண்டியை வைத்துக்கொண்டு கோழியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. நாலு மைல் நடந்து வீடு சேர்ந்தவர் எனக்குப் போன் போட்டார். பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, நம்ம நாட்டுக்குள்ள எங்க வேணாலும் போலாம்னு சட்டத்துல இருக்குதுங்களா, இல்லீங்களா?” என்றார். தூசி தட்டிப் படித்துச் சொன்னேன். பத்தொன்பதாவது பிரிவில் நடமாடும் உரிமை இருக்கிறது. அதே பிரிவின் ஐந்தாவது உட்பிரிவில், பொதுநலனுக்காக அரசாங்கம் அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் இருக்கிறது. கத்துகிற கோழியை ஓர் அதட்டு அதட்டினார். அப்புறம் அவர் சொன்னார்: “ஒரு கையில குடுத்துப்போட்டு இன்னொரு கையில புடுங்கிக்கறதுக்கு நாலு உட்பிரிவு தள்ளி எழுதியிருக்கறாங்களாட்டம் இருக்குதுங்க!”

ஆதாரம்

இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அப்பா இறந்துவிட்டார் என்று அழுதுகொண்டு வந்தாள். சாவுக்குப் போக இ-பாஸ் உண்டு. ஆனால் ஆதாரம் ஏற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ் வர நாளாகும், அப்பாவோ அத்தனை நாள் கிடக்க மாட்டார். இரண்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வாழும் உரிமை என்கிற இருபத்தோராவது பிரிவில், பெற்றவரைக் கடைசியாகப் பார்ப்பதும் அடங்கும் என்று காரசாரமாக ஒரு மனு அடித்து, அதிகாரி அறை வாசலில் அரை நாள் நின்றேன். மறுநாள் மதியம் பாஸ் வந்தது. ஜெயித்த மிதப்பில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

“போகச் சம்மதிச்சிட்டாவ சார். அய்யாவத்தான் காலையிலயே எடுத்துட்டாவ.”

சட்டம் பேசிய இடம்

ஒரு கம்பெனி, ஹாஸ்டலில் வடநாட்டுத் தொழிலாளிகளை வைத்து வெளியே பூட்டுப் போட்டிருப்பதாகத் தகவல். அங்கே போகிற வழியில் பல்லடம் ரோடு செக்போஸ்டில் ஏட்டு ஒருவர் என்னையே மறித்தார். கறுப்புக் கோட்டைக் காட்டியும் பயனில்லை. கொள்ளைநோய்ச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு, அதை வைத்து வக்கீலை மறிப்பது செல்லாது என்று வெயிலில் பத்து நிமிஷம் வாதாடினேன். நெற்றி வேர்வையைத் துடைத்தபடி முழுக்கக் கேட்டார். பாவம், காலையிலிருந்து நிற்கிறார்.

“செல்லாதுன்னு கோர்ட்ல ஒரு உத்தரவு வாங்கிட்டு வாங்க சார். எந்தக் கோர்ட்டு தொறந்திருக்குதுன்னு சொல்லுங்க, நானே கொண்டுவந்து உடறேன்.”

பூட்டு

கெஞ்சித்தான் ஹாஸ்டல் போய்ச் சேர்ந்தேன். ஊரடங்கு போட அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு, ஆளைப் பூட்டி வைக்க முதலாளிக்குக் கிடையாது, அது குற்றம் என்று மேனேஜரிடம் சத்தம் போட்டேன். “அவங்க நல்லதுக்குத்தானுங்க” என்று இழுத்தார். கிராம நிர்வாக அலுவலரையும் வரவழைத்தபின் பூட்டு திறந்தது. நாற்பது பேர் கைதட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். ரெண்டே நிமிஷத்தில் ரோந்து ஜீப் வந்து, ஊரடங்கில் என்ன கூட்டம் என்று லத்தியைத் தூக்கியது. எல்லோரும் வந்த வழியே உள்ளே ஓடினார்கள். எனக்கு முகம் செத்துவிட்டது. கடைசியாக நுழைந்த பீகார் கட்டிங் மாஸ்டர், நாற்பது வயது மனுஷன், என் தோளில் தட்டிச் சொன்னார்: “கவலைப்படாதீங்க வக்கீல் சாப். இப்ப நாங்க சட்டப்படி, கானூன்படி உள்ள போறோம்.”

வாபஸ்

காதர்பேட்டை பனியன் மொத்த வியாபாரி ஒருவர், மருந்துக்கடை திறக்கலாம் பனியன் கடை திறக்கக்கூடாதா, சமத்துவம் எங்கே என்று கொதித்தார். அவருக்காக ராவெல்லாம் படித்து, தடை உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்டில் மனுப் போட்டேன். வீடியோவில் விசாரணை வரும் என்று செய்தி வந்த அன்று சந்தோஷமாகக் கூப்பிட்டேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசினார். தடையிலிருந்து விலக்கு வாங்கி, பனியன் துணியை மாஸ்க்காகத் தைத்து லாரி லாரியாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

“கேஸை வாபஸ் வாங்கிருங்க, சாமி. தடை இன்னும் ரெண்டு மாசம் இருந்தாலும் நமக்கொண்ணும் ஆட்சேபனை இல்லீங்க.”

நோய்க் காலத்துத் தடை அரசியல் சட்டப்படி செல்லுமா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், கேட்பவர் எங்கே செல்ல வேண்டியவர் என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.