வங்கிக்குச் சொல்லாத மரணம்

அண்ணன் இறந்து ஏழு மாதமாகியும் மங்களா அண்ணி வங்கிக்குச் சொல்லவில்லை. தெரிந்தால், கடனில் வாங்கிய யோங் பெங் ஊர் வீட்டை ஏலம் விட்டுவிடுவார்கள் என்று பயம். அண்ணனின் கைப்பேசிக்கு வங்கிச் செய்தி வந்தால், அண்ணன் பெயரிலேயே அண்ணி பதில் அனுப்புவார். தன் தொழிற்சாலைச் சம்பளத்தில் வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாமல் போனபோதுதான், கட்டணமில்லாத கடன் ஆலோசனை அலுவலகத்துக்கு என்னோடு வந்தார்.

“தவணையக் குறைக்கக் கேக்கலாம்க்கா. ஆனா லோன் ரெண்டு பேர் பேர்ல இருக்கு. அவரும் சைன் பண்ணணும்,” என்றார் அங்கிருந்த பெண் அதிகாரி.

“அவரு சிங்கப்பூர்ல வேலை. வர முடியாது,” என்றார் அண்ணி.

“போன்ல பேசலாம் லா. நம்பர் குடுங்க.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலைகுனிந்தேன்.

“அவரு இல்லம்மா. ஏழு மாசமாச்சு. சொன்னா வீடு போயிடும்னு நெனச்சேன்,” என்றார் அண்ணி.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “லோனுக்கு இன்சூரன்ஸ் இருந்தா, அவரு பங்க இன்சூரன்ஸ் கம்பெனியே கட்டிடும்க்கா. எடுத்தாரா?”

“தெரியாதும்மா.”

“பேங்க்லதான் கேக்கணும். இறப்புச் சான்றிதழ் இருக்கா?”

அண்ணி அதை மேசையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அதிகாரி வங்கியின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.