பற்றரியும் தாலிக்கொடியும்

ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ, ஆண்டு சரியாக நினைவில்லை. ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். பதுளைக்கு மேலே, நமுனுகலை மலைச் சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது இருந்தோம். என் கணவர் அந்தத் தோட்டத்து மருந்துக்காரர், டிஸ்பென்சரியில் நோய் பார்த்து மருந்து கொடுப்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து போன எனக்கு அங்கத்தைய குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சுத்துணை இல்லாத பின்னேரங்களும் ஒத்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஒரு ரேடியோ வாங்கினார்.

எங்கள் வீட்டில் மின்சாரம் கிடையாது. ரேடியோ கார் பற்றரியில்தான் பாடும். சனிக்கிழமை மாலையில் எங்கள் சின்னக் கறுப்புக் காரிலிருந்து பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவார். ஞாயிறு மாலை திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டுவார். அவர் அதைச் செய்வதைப் பார்த்தால் ஏதோ பூசை நடக்கிறது என்று நினைப்பீர்கள். முதலில் கைக்கடிகாரமும் கலியாண மோதிரமும் கழன்று ஜன்னல் கட்டைக்குப் போகும். பற்றரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும் என்று விளக்கைத் தூர வைக்கச் சொல்வார். இரண்டு வயர்களில், காரின் உடம்போடு பிணைத்திருக்கும், நீளம் குறைந்த கட்டை வயரை முதலில் கழற்றுவார். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுவார். முடிவில் முனைகளுக்கு டிஸ்பென்சரி வசலின் ஒரு பூச்சு.

என்னை மட்டும் கிட்ட விடமாட்டார். "காப்பும் தாலிக்கொடியுமாய் இஞ்ச வராதேயும். தங்கம் அதில பட்டுதெண்டால் கை வெந்துபோம்" என்பார். கலியாண மோதிரத்தைக் கழற்ற வாராவாரம் ஒரு சாட்டு கிடைத்துவிட்டது உங்களுக்கு என்று நான் கேலி செய்வேன். ஆனால் கார் ஓட்டக் கற்றுத் தந்ததும் அவர்தான். பதுளைக்குப் போய் லைசென்ஸும் எடுத்துவிட்டேன். நான் காரில் போனால் கொழுந்து பறிக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது. எங்களோடு இருந்த மாமியாருக்கு அது பெரிய வெட்கக்கேடு.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் சிறுபிள்ளையாக இருந்தபோதே விதவையானவர். எங்கள் கலியாணத்தில் தாலி கட்டும் நேரம் வந்ததும், ஒருவரும் சொல்லாமலே எழுந்து அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டார். ஆசீர்வாதத்துக்குத் தாலித் தட்டு சுற்றி வந்தபோதும் அவர் கை அதில் படவில்லை. தனக்கு இத்தனை கட்டுப்பாடு என்றால் எனக்கு விடுவாரா? சில வீடுகளில் பாரமான கொடியைப் பெட்டியில் பூட்டிவைத்து, விசேஷத்துக்கு மட்டும் எடுத்துப் போடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. படுக்கையிலும் குளியலிலும் கொடி கழுத்தில் கிடக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால் எனக்கு அவரைக் கண்டால் பயம். கொஞ்சம் கோபமும் உண்டு.

அந்த ஞாயிறுக்கு முந்திய சனி இரவே என் கணவர் வயிறு நோகிறது என்றார். தானே ஏதோ கலந்து குடித்துவிட்டுப் படுத்தார். ஞாயிறு மதியம் நிமிர முடியவில்லை. வியர்த்துக் கொட்டியது. தன் வயிற்றின் வலப்பக்கத்தைத் தானே அழுத்திப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார்.

"குடல்வால். வெட்டவேணும். வெடிக்க முதல் பதுளைக்குக் கொண்டு போம்."

மருந்துக்காரரே இப்படிச் சொன்னால் வேறு யாரைக் கேட்பது? தோட்டத்தில் ஆண்கள் ஒருவரும் இல்லை. தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு சாவு. லொறி டிரைவரும் சேர்த்து எல்லோரும் அடக்கத்துக்காக மலையேறிப் போயிருந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை தன் காரில் நுவரெலியாவுக்குப் போய்விட்டார். டிஸ்பென்சரியில் ஒத்தாசைக்கு இருக்கும் பெண் மட்டும் ஓடி வந்தாள். "ஆள அனுப்பி அவங்க எறங்கி வர பொழுது சாஞ்சிரும்மா" என்றாள்.

கார் கொட்டகையில் நின்றது. பற்றரியோ வீட்டுக்குள் ரேடியோவின் பக்கத்தில் இருந்தது. பற்றரி இல்லாத கார் வெறும் தகரப் பெட்டி.

ரேடியோ வயர்களைக் கழற்றிவிட்டு, நானும் அவளும் பற்றரியைச் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் அதன் இடத்தில் இறக்கினோம். மாமி இவரைத் தாங்கி வந்து பின் சீட்டில் கிடத்தினார். நான் ஸ்பானரை எடுத்தேன். எத்தனையோ சனிக்கிழமைகள் ஜன்னலோரம் நின்று பார்த்த வேலைதானே என்று ஒரு தைரியம். கைக்கு எட்டிய கட்டை வயரை முதலில் பூட்டினேன். மற்றதை மாட்டி ஸ்பானரைத் திருப்பினேன். என் காப்பின் ஒரு பக்கம் ஸ்பானரிலும் மறுபக்கம் காரின் தகரத்திலும் பட்டிருக்க வேண்டும். பளீர் என்று நீல வெளிச்சம். கையை இழுத்துக்கொண்டு அலறிவிட்டேன். காப்பு நெருப்பாய்ச் சுட்டது. ஸ்பானர் எங்கோ போய் விழுந்தது.

பின் சீட்டிலிருந்து இவர் கத்தினார். "கட்டை வயர் கடைசி! அதைக் கழட்டும்! காப்பையும் கழட்டும்!"

அழுதுகொண்டே காப்புகளைக் கழற்றி எறிந்தேன். கட்டை வயரையும் கழற்றினேன். திரும்பக் குனிந்தால், ரவிக்கைக்குள் செருகியிருந்த கொடி நழுவி வெளியே வந்து பற்றரிக்கு நேர் மேலே ஊஞ்சலாடியது. இரண்டு முனைகளுக்கும் குறுக்கே அது விழுந்தால் எந்த வயர் எங்கே இருந்தும் பயனில்லை. பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தேன். மூச்சு வாங்கியதும் வாயிலிருந்து நழுவியது.

"கொடியைக் கழட்டுமப்பா" என்றார் இவர். குரல் இறங்கிவிட்டது.

என் கை அசையவில்லை. டிஸ்பென்சரிப் பெண்ணோ பதறிப்போனாள். "ஐயையோ, வேணாங்கம்மா! ஐயா இந்த நெலமையில கெடக்கையில தாலியக் கழட்டலாமா? மேல சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் வேற கேக்குது!" உண்மையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. படித்தவள் என்று எனக்குள் இருந்த எண்ணமெல்லாம் அந்தச் சத்தத்தில் போன இடம் தெரியவில்லை. கழற்றினால் இவர் போய்விடுவார் என்றே நம்பினேன். கழற்றாவிட்டாலும் போய்விடுவார். மாமி என்ன சொல்வாரோ என்ற பயம் வேறு. அவர் காரிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றார்.

"நான் அவர் போனபிறகு கழட்டினனான். நீ இவன் போக முதல் கழட்டு, பிள்ளை. தா இஞ்ச."

இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். தாலித் தட்டைக் கூடத் தொடாத கைகள். நான் கொடியைத் தலைவழியாக எடுத்து அவற்றில் வைத்தேன். அவர் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான், காரில் ஏறி மகனின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு வேலை நிமிடத்தில் முடிந்தது. நீள வயரை முதலில் இறுக்கினேன், கட்டை வயரைக் கடைசியில். கார் உறுமியதும் அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். பசறைப் பாதையின் வளைவுகளில் மூடுபனியாய்ப் புகார் அடைத்துக் கிடந்தது. மணிக்கட்டு எரிந்தது. எப்படி ஓட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் மாமி ஒரு கையால் மகனின் தலையைப் பிடித்திருந்தார். மற்றக் கை மடியில் பொத்தியபடி இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் உடனே வெட்டினார்கள். இன்னும் சற்றுச் சுணங்கியிருந்தால் கஷ்டம் என்றார் பெரிய டாக்டர். இரவு வராந்தாவில் காத்திருந்தபோது மாமியிடம் கொடியைக் கேட்டேன். "அவன்ர கையாலதான்" என்றார். ஒரு தாதி என் வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டு, இந்த வயதிலா என்று பரிதாபப்பட்டுத் தேநீர் கொடுத்தாள். நானும் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் இவர் கண் விழித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். கண்கள் அகன்றன.

"நான் செத்துப் போனனோ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாமி மெல்லக் கையை விரித்தார். இரவெல்லாம் இறுக்கிப் பிடித்ததில் கொடியின் முறுக்கு உள்ளங்கையில் அப்படியே பதிந்திருந்தது. அதை மகனின் கையில் கொடுத்தார். அவரால் தூக்க முடியவில்லை. நான்தான் கட்டிலோடு குனிந்து தலையைக் கொடுத்தேன். பழக்க தோஷத்தில் மாமி கதவுப் பக்கம் திரும்பினார். நான் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டேன். "நில்லுங்கோ மாமி" என்றேன். நின்றார். ஒரே மகன் தாலி போடுவதை அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

மாமி போய்ப் பல காலமாகிவிட்டது. மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தாலி பாக்கியம் என்று யாராவது என்னை வாழ்த்தும்போதெல்லாம், அதை ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் பொத்திப் பிடித்திருந்த அந்தக் கையைத்தான் நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.