அரிசி மில்லும் நாற்பது கசெற்றுகளும்

சத்தம் விற்கிற தொழிலில், வாங்க வருகிறவர்களை விட நிறுத்தச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். வீதியோரம் தையல் மெசினோ இரும்பு ஒட்டுகிற கடையோ வைத்திருக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் நானும் ஒரே இடத்தில் அடி வாங்குகிறவர்கள்.

கிளிநொச்சியில், அரிசி மில் ஒன்றின் முன்பக்கத்து அறையில் ஒலிப்பதிவுக் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பழைய கலியாணக் கசெற்றுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. அப்படி இருக்கும்போது பளையிலிருந்து நிரோஷன் என்ற இளைஞர் வந்தார். தன்னுடைய இசையைக் கசெற்றில் நாற்பது பிரதி மட்டும் எடுத்துத் தரவேண்டும் என்றார். அது இசை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீர்ப் பம்பு இரைந்தது, தகரத்தில் மழை விழுந்தது, நிலையம் பிடிக்காத ரேடியோ ஒன்று அழுதது. பாட்டு வரும் வரும் என்று கடைசி வரை காத்திருந்தேன். வரவில்லை.

இப்படிச் செய்கிறவர்கள் வவுனியா முதல் யாழ்ப்பாணம் வரை இருக்கிறார்களாம். நாற்பது ஐம்பது பிரதிக்கு மேல் வெளியிட மாட்டார்கள். கடைகளில் வைக்க மாட்டார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் கேள்விப்பட்டு வாங்குவார்கள். கசெற் பிரதி எடுக்கிற மெசின் என்னிடம் ஓடுகிற நிலையில் இருந்ததால் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். விரைவாகப் பிரதி எடுக்கிற பொத்தானை நான் தொடுவதில்லை. நாற்பது நிமிடக் கசெற்றுக்கு நாற்பது நிமிடம். ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டால் எனக்குத் தலையிடி வரும். ஆகவே ஒவ்வொரு பிரதியையும் பதியும்போதே ஸ்பீக்கரில் போட்டு முழுக்கக் கேட்ட பிறகுதான் உறையில் இடுவேன். வம்பு அங்கேதான் தொடங்கியது.

மில்லின் சொந்தக்காரர் கந்தையா அண்ணைதான் என் அறைக்கும் சொந்தக்காரர். ஒருநாள் வாசலில் வந்து நின்றார். "தவமணி, பாட்டுக்கடை எண்டுதானே உமக்கு அறை தந்தனான். இது என்ன கூத்து? மூண்டு முறைப்பாடு வரட்டும், திறப்பை வாங்கி அறையைப் பூட்டிப்போடுவன்."

அவருடைய மில் காலையிலிருந்து பின்னேரம் வரை என் சுவரை ஆட்டுகிறது. கூரையிலிருந்து உமித் தூசி மெசினில் கொட்டுகிறது. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எதிர்த்துக் கதைக்க எனக்கு வராது, எண்ணத்தான் வரும். அன்றிலிருந்து முறைப்பாடுகளை எண்ணத் தொடங்கினேன். அந்த அறையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. என் வீட்டுக் கரண்ட் ஏறி இறங்குகிற விதத்தில் மெசின் ஒரு கிழமை தாங்காது.

கலியாணத்தை மெசின் தின்றது

முதலாவது முறைப்பாடு பரந்தனிலிருந்து வந்த ஒரு பெண்ணால். தன் கலியாணக் கசெற்றைப் பென்டிரைவில் ஏற்றத் தந்திருந்தார். அதை நான் முதல்நாளே முடித்து மேசையில் வைத்துவிட்டேன். அவர் வாங்க வந்த நேரம் பார்த்து நிரோஷனின் கசெற் ஓடிக்கொண்டிருந்தது. இரும்பை இரும்பில் தேய்க்கிற இடம். வாசற்படியிலேயே தலையில் கை வைத்தார். "ஐயோ, என்ர கலியாணம்! மெசின் சப்புது, நிப்பாட்டுங்கோ அக்கா!" என்று ஓடிவந்து வயரைப் பிடுங்கிவிட்டார். பாதி பதிந்திருந்த பிரதி நாசம்.

அவருடைய கசெற்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். பென்டிரைவைப் போட்டு நாதஸ்வரத்தையும் கேட்கவைத்தேன். பிரதி பழுதானதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று பார்த்தேன். அவரோ மெசினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதையும் காசு குடுத்து வாங்குறாங்களோ? அப்ப நாளைக்கு என்ர மனிசனைக் கூட்டிக்கொண்டு வாறன். மத்தியானத்தில குறட்டை விடுவார், பதிஞ்சு வில்லுங்கோ" என்றார்.

போகிற வழியில் மில்லுக்குள் போய்க் கந்தையா அண்ணையிடம், பாட்டுக்கடையில் மெசின்கள் கெட்டுப்போய்க் கத்துகின்றன, ஒருவரும் கசெற் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்று.

துடைக்கப்பட்ட மழை

ஊரார் ஒரு பக்கம் இருக்கட்டும். யாருக்காக இந்த ஏச்சையெல்லாம் கேட்கிறேனோ, அவர்களாவது நன்றியோடு இருக்கவேண்டாமா? என் மெசினில் இரைச்சலைக் குறைக்கிற பொத்தான் ஒன்று உண்டு. பழைய கசெற்றில் பாட்டுக்குப் பின்னால் "ஸ்ஸ்" என்று கேட்குமே, அதை எடுத்துவிடும். கலியாணக் கசெற்றுக்காரர்கள் அதற்காகவே என்னைத் தேடி வருவார்கள். தகரத்தில் விழுகிற மழையை மட்டும் பதிந்திருந்த நிரோஷனின் இரண்டாவது வெளியீட்டுக்கும் அதே கவனத்தோடு அந்தப் பொத்தானைப் போட்டேன்.

மூன்றாம் நாள் முழுப்பெட்டியையும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முகம் செத்த வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. என்ன குறை என்று கேட்டேன். "அன்ரி, மற்ற ஆக்களுக்குப் பாட்டும் இருக்கும், அதுக்குப் பின்னால குப்பையும் இருக்கும். என்னட்டப் பாட்டில்லை. குப்பை மட்டும்தான் இருந்தது. அதையும் நீங்கள் கூட்டித் தள்ளிப்போட்டியள்."

ஆனையிறவில் ஒரு கதிரை

முல்லைத்தீவில் நஸ்ரின் என்றொரு பிள்ளை படம் எடுக்கிறவ. வாப்பா புடவைக்கடை வைத்திருக்கிறார். கடையில் மிஞ்சுகிற துண்டுத் துணியில் டிவிடிக்கு உறை தைத்து, கையாலே பெயர் எழுதி வெளியிடுவா. ஆனையிறவு உப்பளத்தில் ஒரு மரக்கதிரையை வைத்து எடுத்த படத்தை என்னிடம் பிரதி எடுக்கத் தந்தா. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, கதிரையின் கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றில் இறங்குகிறது. எழுபது நிமிடம் அவ்வளவுதான். ஆள் நடமாட்டமே இல்லை. ஆனால் இதைப் பார்ப்பதற்கென்று கொழும்பிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்தார்களாம்.

யாழ்ப்பாணத்துக்கு ஓடுகிற தனியார் பஸ் ஒன்றின் சாரதி இரவில் பஸ்ஸை மில் முற்றத்தில் விடுகிறவர். காலையில் அவசரமாகக் கடைக்குள் வந்தார். மேசையிலிருந்த உறையில் 'ஆனையிறவு' என்று எழுதியிருந்ததைக் கண்டதும், "அக்கா, அங்க நடந்த சண்டைப் படமோ? தாங்கோ, பஸ்ஸில போட நல்லது" என்று எடுத்தார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் வந்து டிவிடியை மேசையில் எறிந்தார். சனம் ரீவி இறுகிப்போச்சு என்று நினைத்ததாம். முன்சீற்றில் இருந்த ஒருவர் எழும்பி ரீவிக்கு இரண்டு தட்டுத் தட்டினாராம். பஸ் ஆனையிறவைத் தாண்டும்போது ரீவியிலும் ஆனையிறவு, வெளியிலும் ஆனையிறவு. "ஒரு கிழவர் என்னட்ட வந்து என்ன கேட்டவர் தெரியுமே? 'தம்பி, யன்னலுக்கால சும்மா தெரியிறதை ஏன் ரீவியிலயும் போடுறாய்?' எண்டு கேட்டவர். நான் என்னத்தைச் சொல்ல?"

சொல்ல ஒன்றுமில்லாதவர் மில்லுக்குள் போய்க் கந்தையா அண்ணையிடம் நிறையவே சொன்னார். இரண்டு. நடந்ததை நஸ்ரினுக்குச் சொன்னேன். எனக்காக ஒரு சொல் வருந்துவா என்று நினைத்தேன். "எத்தினையாம் நிமிசத்தில நிப்பாட்டினவர்? ஐம்பதிலயோ? அறுபத்தஞ்சில எல்லோ கதிரை சரியுறது! அந்தாளுக்குக் கொஞ்சமும் பொறுமை இல்லை அன்ரி" என்றா.

கேட்டால் பழசு

கொழும்பிலிருந்து காரில் வருகிற ஒருவர் இருக்கிறார். எங்கள் வெளியீடு எல்லாவற்றிலும் ஒன்று வாங்குவார். பிரதிக்குப் பிரதி இலக்கம் போட்டிருக்கும். அவருக்கு ஏழாம் இலக்கம்தான் வேண்டும். ஏழை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். வீட்டில் என்ன மெசினில் போட்டுக் கேட்கிறீர்கள் என்று ஒருமுறை மெல்லக் கேட்டேன். மெசினே இல்லையாம். அலுமாரியில் அடுக்கி வைக்கிறாராம். நாற்பதையும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்துத்தான் தருகிறேன், பயப்படாமல் கொண்டுபோங்கோ என்றேன். கசெற்றை மேசையில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னுக்குப் போனார்.

"என்ன, போட்டுக் கேட்டிட்டியளோ? அப்ப இது பாவிச்ச சாமான் எல்லோ!"

பூட்டிய மில் ஓடியது

இரண்டு முறைப்பாட்டோடு நான் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன். வாசலில் ஆள் நிழல் விழுந்தால் கை தானாகவே பொத்தானுக்குப் போகும். பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்து, சத்தத்தைக் குறை என்று விரலைக் காட்டுவார். அவருடைய கடை வாசலில் நிற்கிற ஓட்டோக்கள் நாள் முழுக்க ஹோன் அடிக்கும். கோயில் ஸ்பீக்கர் விடியவே தொடங்கும். அதெல்லாம் ஊர். என் மேசையில் ஓடுவது மட்டும்தான் சத்தம்.

அப்படியான நேரத்தில் நிரோஷன் நாலாவது வெளியீட்டைக் கொண்டுவந்தார். மில்லின் சத்தத்தை மட்டும் நாற்பது நிமிடம் பதிந்திருக்கிறார். எந்த மில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் சுவரை இத்தனை காலம் ஆட்டுகிற மில்லை எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை மில் பூட்டு, முற்றத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று அன்றைக்குப் பிரதி எடுக்க வைத்தேன். சத்தத்தையும் கொஞ்சம் கூட்டினேன்.

கந்தையா அண்ணை அந்த வழியால் சைக்கிளில் போயிருக்கிறார். பூட்டிய மில் ஓடுகிறது! ஆரோ களவாக நெல்லுக் குத்துகிறார்கள் என்று சைக்கிளைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினார். பூட்டு பூட்டினபடி இருக்கிறது. கதவில் காதை வைத்தால் உள்ளே அமைதி. சத்தம் வந்த திசையைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்து நின்றார். மூன்றாவது முறைப்பாடு வேறு யாரிடமும் போகாமல் நேராக அவரிடமே வந்துவிட்டது என்று நினைத்தேன். திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் திறப்பைப் பார்க்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதில் இருந்தார். தலையைச் சரித்து, கசெற் முடியும் வரை கேட்டார். முடிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "இது மாசியில எடுத்தது. பெல்ட் தளந்து கிடக்கு, கேக்கேல்லையே உமக்கு? இது எங்க போகுது?"

"ஜேர்மனிக்கும் மூண்டு போகுது அண்ணை."

"ஜேர்மனிக்கோ! என்ர மருமகன்ர சனம் முழுக்க அங்கதானே இருக்கு. தளந்த பெல்ட்டோட என்ர மில்லை ஜேர்மனிக்கு அனுப்பினால் நான் எப்பிடித் தலை காட்டுறது? புதுப் பெல்ட் போட்டாச்சு. திரும்ப எடுக்கச் சொல்லும். இல்லையெண்டால் திறப்பைத் தாரும்."

பக்கம் இரண்டு

நிரோஷன் ஒரேயடியாக மறுத்தார். பெல்ட் நழுவுகிற அந்த இழுவைதான் முழு வெளியீடுமாம். அது இல்லாவிட்டால் வெறும் மில்லாம். எனக்குக் கோபம் வந்தது. ஒருவர் சத்தமே கூடாது என்கிறார். அவரே பிறகு நல்ல சத்தம் வேண்டும் என்கிறார். மற்றவர் நல்ல சத்தம் கூடாது என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் என் திறப்பு மேசையில் கிடக்கிறது. அன்றைக்குத்தான் கொஞ்சம் உரத்துக் கதைத்தேன். "தம்பி, ஒரு பக்கத்தில உங்கட பெல்ட் நழுவட்டும். மற்றப் பக்கத்தில அவற்ற பெல்ட் ஓடட்டும். இல்லாட்டி அடுத்த கசெற்றை வேற ஆரிட்டயும் குடுங்கோ. இந்த மெசினுக்கு வேற இடமில்லை." அவர் என்னை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, பதிகிற நேரம் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

கந்தையா அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மில்லுக்குள் கல் மாதிரி நின்றார். வேலையாட்களை மூச்சு விடவேண்டாம் என்று கையைக் காட்டினார். மெசின் ஒரு ஒழுங்கில் ஓடியது. பாதி தாண்டியதும் உமித் தூசி தொண்டையில் போய் அவரே இருமிவிட்டார். சின்ன இருமல் அல்ல, நெஞ்சைக் கிழிக்கிற மூன்று இருமல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நிரோஷன் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வெளியீட்டுக்காரர் ஒருவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். "அதை எடுக்கவேண்டாம் அன்ரி. இந்தப் பக்கத்தில ஒழுங்கில்லாதது அது ஒண்டுதான்."

மூன்றாவது முறைப்பாடு

நாற்பதையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்டேன். இருமல் வரப்போவது எனக்கு இப்போது மெசினைப் பார்க்காமலே தெரியும். முப்பத்தொன்றாவது பிரதி ஓடும்போது மருந்துக்கடைக்காரர் பொறுமை இழந்தார். விரலைக் காட்டவில்லை, நேராக மில்லுக்குப் போய்க் கந்தையா அண்ணையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். என் வாசலில் நின்று, மனிசர் வியாபாரம் செய்ய முடியாத இரைச்சல், நோயாளிகள் வந்துபோகிற இடம், இன்றைக்கே இந்தப் பொம்பிளையை அறையை விட்டு எழுப்புங்கோ என்றார். மூன்று. நான் எழும்பித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கந்தையா அண்ணை என்னைப் பார்த்து, இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு ஸ்பீக்கருக்குக் கிட்டப் போய் ஒரு விரலைத் தூக்கி, மருந்துக்கடைக்காரரைப் பேசாமல் நிற்கவைத்தார். மூன்று இருமலும் வந்து போயின. "இப்ப இருமினது ஆரெண்டு தெரியுமோ உமக்கு? ஜேர்மனிக்குப் போகுது ஐசே. வாயை மூடிக்கொண்டு முழுக்கக் கேளும்."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் எது இசை, எது சத்தம் என்று இனி உங்களில் யாராவது என்னிடம் கேட்டால், அறைச் சொந்தக்காரர் அதில் இருமியிருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.