துரை வைக்காத ஆரஞ்சு மரங்கள்

"லைன் ஊட்டுல பொறந்த புள்ளைக்கு என்ன கண்ணு வரலாறு? துரை வந்தாரு, காப்பி நட்டாரு. முடிஞ்சுது."

சேலத்துக் கல்லூரியில் வரலாறு படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சொன்னது இது. காப்பிப் பழம் நிறுக்க வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா கூடையை இறக்கி வைத்தார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, துரை நட்டாருன்னா குழி வெட்டுனது யாருங்க? அவரு குதிரைங்களா?"

மறுபடியும் சிரித்தார்கள், இந்த முறை ரைட்டரைப் பார்த்து.

அம்மா கொட்டச்சேட்டுக்கு அருகே, எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் பிறந்தார். கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பம். பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததில்லை. அப்பா போன பிறகு, ஈர விறகை ஊதி ஊதிக் காலை பஸ்ஸுக்கு முன்பே சோறாக்கி அனுப்பி என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதில் எனக்குள்ள பெருமையை மறைக்க மாட்டேன்.

துரைமார் கல்லறைகளில் கல்லும் உண்டு, பெயரும் உண்டு. எங்கள் மக்களை எஸ்டேட் ஓரச் சரிவில்தான் அடக்கம் செய்தார்கள். கல் நாட்ட விட்டதில்லை. அதனால் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஓர் ஆரஞ்சுக் கன்று நட்டார்கள். அந்தப் பழத்தை நாங்கள் தின்பதில்லை, பறவைகளுக்கு விட்டுவிடுவோம். சிறு வயதில் அம்மா என்னை அங்கே கூட்டிப்போய், ஒவ்வொரு மரத்தையும் தொட்டு அது யாருடையது என்று சொல்வார். தம் தாயின், அதாவது என் அம்மாயியின், மரத்தடியில் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். ஊரின் வரலாற்றை நான் படித்தது அங்கேதான்.

பிறகு எஸ்டேட் கைமாறியது. சரிவை வளைத்து விடுதி வந்தது, கேட்டும் வந்தது.

மூச்சு வாங்கிப் படுத்திருந்த கடைசி நாட்களில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மாயி பக்கத்துல கொண்டுபோயி வெச்சிரு சாமி."

கொண்டுபோனோம். கேட் பூட்டியிருந்தது. "கெஸ்ட் எல்லாம் இருக்காங்க, பொணத்தை உள்ள உட முடியாதுங்க" என்றார் காவலாளி. தூறலில் பாடையைச் சாலையில் இறக்கி வைத்து எவ்வளவோ கெஞ்சினோம். கடைசியில் ஊராட்சி மயானத்துக்குத் திரும்பினோம். என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

போன மாதம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். அதே கேட் திறந்தது. உள்ளே ஒரு பலகை: 'துரை உருவாக்கிய பழமையான ஆரஞ்சுத் தோட்டம்.' சுற்றிக்காட்டிய இளைஞர், "பறிச்சுச் சாப்பிடலாமுங்க" என்றார். அம்மாயி மரத்தடியில் ஒரு பெண் தன் குழந்தைக்குச் சுளை உரித்துக்கொண்டிருந்தார்.

"குடுக்காதீங்க அக்கா. இது எங்க அம்மாயி தலைமாட்டு மரம். இங்க மரத்துக்கு மரம் எங்க ஆளுங்க படுத்திருக்காங்க."

அந்தப் பெண் பழத்தை மரத்தடியில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"போர்டுல அப்படி இல்லீங்களே" என்றார் இளைஞர்.

"எழுதுனவங்க எங்களைக் கேக்கலீங்க."

அம்மாவை நனைந்துகொண்டே சுமந்த வெள்ளக்கடை உறவினர்களுக்கும், நோயில் கஞ்சி ஊட்டிய லைன் வீட்டுப் பெண்களுக்கும் என் நன்றி. பூட்டிய கேட்டின் முன் எங்களோடு நின்றவர்களை நான் மறக்க மாட்டேன். கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்தவர்களையும் மறக்க மாட்டேன்.

அம்மாவுக்கான கன்றை மயானத்தில் நான் நடவில்லை. அது அம்மாயி மரத்துக்குப் பக்கத்தில்தான் நடப்படும். அந்தச் சரிவை எங்கள் மயானமாகப் பதிவு செய்யவும், எங்களுக்கு வழி விடவும் கேட்டுத் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டேன். அதிகாரிகள் இடம் பார்க்க வரும்போது, எந்த மரம் யாருடையது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள். மனுவில் என் பெயருக்குக் கீழே முகவரியை முழுதாக எழுதியிருக்கிறேன், 'லைன் வீடு' என்பதையும் சேர்த்து.